டீச்சர், ஒங்கட கலியாண உடுப்பு ஈக்கா?



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஒரு 'மாஷா அல்லாஹ்' போட்டுவிட்டு நகர வேண்டாம். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு வந்து வாசியுங்கள், பிறகு திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். குறிப்பாக, அலுமாரியின் மேல் தட்டில் ஒரு கலியாண உடுப்பை வைத்துக்கொண்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற தாத்தாமார், தங்கச்சிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். ஆண்களுக்கும் இதில் பங்குண்டு, கீழே வருகிறது.

முதலில் என் குற்றம். அதைச் சொல்லாமல் மற்றவர்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

2022 மே மாதம். பெற்றோல் வரிசையில் ஆட்கள் இரவிரவாகப் படுத்துக் கிடந்த காலம். 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவுக்கு ஏறி, துணிக்கடைக்குள் காலை வைக்கவே பயந்த காலம். ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது கேட்டடியில் ஒரு உம்மா நின்றார். அவருடைய மகள் என்னிடம் ஓ.எல். வரை படித்தவள். வாப்பா த்ரீவீல் ஓடுகிறவர், அந்த நேரம் ஓடாமல் வரிசையில் நிற்கிறவர். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மகளுக்குக் காவின்.

"டீச்சர், ஒங்கட கலியாண உடுப்பு ஈக்கா? ஒரு நாளைக்குத் தந்தா போதும். கழுவி அயன் பண்ணிக் கொணந்து தாறேன். கடையில கேக்கிற சல்லிக்கு எங்களுக்கு ஏலா. புள்ளக்கி ஒரு ஆச."

நான் சொன்ன பதில்: "அது தங்கச்சிக்கிட்ட, கொழும்புல ஈக்கி."

பொய். என் உடுப்பு என் கட்டில் தலைமாட்டுக்கு நேர் மேலே, சூட்கேஸுக்குள், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. பழுதாக்கி விடுவார்கள் என்ற பயத்தில் பொய் சொன்னேன் என்று இவ்வளவு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். த்ரீவீல்காரரின் மகள் என் உடுப்பை உடுத்து மணவறையில் உட்காருவதை என் மனம் ஏற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பெயர் பெருமை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் பாடமாக வேறு எடுக்கிறேன்.

அந்த உம்மா "பரவால்ல டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போனார். பிள்ளை மச்சியின் பெருநாள் உடுப்பில் காவின் முடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். போட்டோ எதுவும் எடுக்கவில்லையாம். இன்றைக்கும் வழியில் கண்டால் அந்த உம்மாதான் முந்திக்கொண்டு ஸலாம் சொல்கிறார்.

இப்போது இரண்டாவது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டிலேயே கூடுதலாக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. மலை சரிந்தது, கம்பளை டவுனுக்குள் மகாவலி புகுந்தது, நம் பக்கத்திலும் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, யார் உயிரோடு இருக்கிறார் என்று கேட்க போனும் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு உடுப்புச் சேர்க்கப் போன ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. அங்கே ஒரு பிள்ளை. ஜனவரியில் நிக்காஹ். தைத்து வைத்திருந்த உடுப்பும் கூட்டி வைத்திருந்த சாமான்களும் சேற்றுக்குள். கலியாணத்தைத் தள்ளிப்போட இரண்டு வீட்டாருக்கும் மனமில்லை. 'உயிர் மிஞ்சினதே அல்லாஹ்வுடைய அருள், உடுப்பு என்னத்துக்கு' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பிள்ளை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள்.

இந்த முறை நான் யாரும் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து சூட்கேஸை இறக்கினேன்.

2008 டிசம்பரில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வந்த சாரி. வெள்ளையுமில்லாத மஞ்சளுமில்லாத பால் நிறம், கரை முழுக்க வெள்ளிச் சரிகை, கல்லு, மணி. விலை எவ்வளவென்று மாமி சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. ஐந்து மணித்தியாலம் உடுத்திருப்பேன். பிறகு பதினேழு வருடம் பிளாஸ்டிக் உறைக்குள், பூச்சி உருண்டைகளோடு. உறையைத் திறந்தால் நெடி. சரிகை கறுத்துக் கரிக்கோடாகிக் கிடந்தது. மடிப்பு மடிப்பாகப் பூஞ்சணம். தோளில் குத்திய ஊசி அப்படியே துருப்பிடித்து, எடுத்தபோது துணியும் சேர்ந்து வந்தது. அன்று ஃபலூடா கொஞ்சம் சிந்தியது ஞாபகம். அந்த நேரம் கண்ணுக்கே தெரியாத அந்தக் கறை இப்போது தேயிலைச் சாயம் ஊற்றிய மாதிரி.

கேட்டபோது கொடுக்காமல் நான் காப்பாற்றிய உடுப்பு இதுதான்.

அந்தப் பிள்ளைக்கு உடுப்பு கிடைத்தது. என்னோடு படிப்பிக்கும் ஒரு இளம் டீச்சர், கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட இல்லை, மறுபேச்சில்லாமல் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் கழுவி, அயன் பண்ணி, மேலே ஒரு பெட்டி வட்டிலப்பமும் வைத்துத் திரும்பி வந்தது. எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். தொண்டைக்குள் இறங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கலியாண உடுப்பு அதைத் தைத்தவளின் தனிச் சொத்தாக அலுமாரியில் கிடந்து சாகக் கூடாது. அது மஹல்லாவுக்குள் சுற்ற வேண்டும். ஸதகாவாகத் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. இரவலாகக் கொடுங்கள், இரவலாக வாங்குங்கள் என்கிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

'இரவல் உடுப்பா, சீச்சீ' என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் புஹாரியைத் திறந்து பாருங்கள். அன்பளிப்புகள் பற்றிய பாடத்தில் 2628 ஆவது ஹதீஸ். மணமகளுக்காக உடுப்பு இரவல் வாங்குவது பற்றி என்று இமாம் அவர்கள் தனித் தலைப்பே போட்டிருக்கிறார்கள். செய்தி இதுதான்: ஆயிஷா (ரழி) அவர்களைப் பார்க்க ஒருவர் வருகிறார். அன்னையவர்கள் மீது ஐந்து திர்ஹம் பெறுமதியான ஒரு முரட்டு உடுப்பு. தன் வீட்டு வேலைக்காரப் பிள்ளையைக் காட்டி, இவள் இதை வீட்டுக்குள் உடுக்கக்கூட வெட்கப்படுகிறாள் என்கிறார்கள். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களுடைய காலத்தில் இதே மாதிரி ஒன்று என்னிடம் இருந்தது, மதீனாவில் எந்தப் பெண்ணைச் சோடித்தாலும் என்னிடம் ஆளனுப்பி அதை இரவல் வாங்குவார்கள் என்றும் சொல்கிறார்கள்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். மதீனாவின் கலியாண உடுப்பு ஒரே ஒன்று. அது சுற்றியது. கொடுத்தவர் யார்? உம்முல் முஃமினீன். வாங்கியவர்கள் யார்? ஸஹாபாக்களின் பெண் மக்கள். யாரும் குறைந்து போகவில்லை. அந்த ஹதீஸிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு தலைமுறைக்குள் அதே உடுப்பு வீட்டுக்குள் உடுக்கவும் வெட்கமான உடுப்பாகிவிட்டது. அன்னையவர்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள். நமக்கு நடந்ததும் அதுதான்.

ஏனென்றால் நம் ஊர்களிலும் இது புதுப் பழக்கமில்லை. என் உம்மா சொல்வார்: அவருடைய காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு அட்டியல் இருந்ததாம். ஒரு வீட்டுக்காரருடையதுதான், ஆனால் ஒழுங்கையில் முடிந்த கலியாணமெல்லாம் அந்த அட்டியலோடுதான் முடிந்தது. உம்மாவின் கழுத்திலும் அதுதான், பெரியம்மாவின் கழுத்திலும் அதுதான். பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் முகம் மாறுகிறது, அட்டியல் மாறவில்லை. "அப்ப வெக்கமா இல்லியா உம்மா?" என்று கேட்டேன். "வெக்கமா? அந்த அட்டியல் வராட்டித்தான் வெக்கம். அவங்களோட கோவம் எண்டுல்லா நெனப்பாங்க" என்றார். அதாவது, இரவல் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு வீடுகளும் நல்லபடி இருக்கின்றன என்பதற்கு அடையாளம். அதை நாம் பிச்சைக்கு அடையாளமாக மாற்றி வைத்திருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. கண்டியில் பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியாதா? நம் சிங்களச் சகோதரர்களின் கலியாணத்தில் மாப்பிள்ளை நிலமே உடுப்பில், பெரிய தொப்பியோடு ராஜா மாதிரி நிற்பார். அந்த உடுப்பைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் வாடகை. கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். நம் மாப்பிள்ளைமார் மட்டும் என்ன, கோட்டு சூட்டு வாடகைக்கு எடுப்பதில்லையா? மணப்பெண்ணை அலங்கரிக்கும் சலூன்களிலும் லெஹெங்கா வாடகைக்கு இருக்கிறது, வசதியான வீட்டுப் பிள்ளைகளும் எடுக்கிறார்கள். நம் பிள்ளைக்கு முன்னால் அதை எத்தனை பேர் உடுத்தார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. பணம் கொடுத்து வாங்கினால் அது ஃபேஷன். பக்கத்து வீட்டுத் தாத்தா சும்மா தந்தால் கௌரவக் குறைச்சல். இந்தக் கணக்கை எனக்கு யாராவது விளங்கப்படுத்துங்கள்.

இனி வழமையான பதில்களுக்கு வருவோம். 'மகளுக்கு வைத்திருக்கிறேன்.' நானும் அப்படித்தான் சொன்னேன். என் மகளுக்கு இப்போது பதினைந்து. கறுத்த சாரியைப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்திருந்தாலும் நான் இத உடுக்க மாட்டேன் உம்மா" என்றாள். உங்கள் உம்மாவுடைய கலியாண உடுப்பை உங்களில் எத்தனை பேர் உடுத்தீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். 'ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன்.' சரி. ஞாபகத்துக்கு ஒரு சால்வை போதும், ஒரு முழக் கரை போதும், போட்டோ இருக்கிறது. சிலர் வெட்டிப் பிள்ளைக்குப் பெருநாள் பிரொக் தைக்கிறார்கள், அது நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். விற்பவர்களையும் குறை சொல்ல மாட்டேன். கடன் இருக்கிறவள் விற்கத்தான் வேண்டும்.

ஆனால் ஸதகா என்று சொல்லித் தூக்கிக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இருக்கிறது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் நம் வீடுகளும் கடைகளும் எரிந்தபோதும் உடுப்புச் சேர்த்தோம், டித்வாவுக்கும் சேர்த்தோம். வந்த மூட்டைகளைப் பிரித்தவர்களைக் கேளுங்கள். ஸிப் இல்லாத பாவாடை, அக்குளில் மஞ்சள் படிந்த ஷேர்ட், ஒற்றைச் சப்பாத்து. இல்லாதவனுக்கு எது கொடுத்தாலும் போதும் என்ற எண்ணம் நமக்குள் இருக்கிறது. கலியாண உடுப்பையும் அதே எண்ணத்தோடு கொடுக்கிறோம். நமக்கு வேண்டாமென்று ஆன பிறகு, ஃபேஷன் போன பிறகு, கறை ஊறிய பிறகு. இரவலில் அது நடக்காது. இரவல் கொடுக்கிறவள் நல்லதைத்தான் கொடுப்பாள், ஏனென்றால் அது திரும்பி வரப் போகிறது. வாங்குகிறவளும் தலை குனிய வேண்டியதில்லை, ஏனென்றால் திருப்பிக் கொடுக்கப் போகிறாள்.

ஸூரத்துல் மாஊன் நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே பாடமாக்கியது. தொழுகையில் ஓதி ஓதி நாக்குக்குப் பழகிவிட்டது, அதன் கடைசிச் சொல் என்ன என்று நினைப்பதில்லை. அந்த 'மாஊன்' என்ற சொல்லுக்குப் பானை, வாளி, கோடரி போல அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் இரவல் கொடுக்கும் சாமான் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இருக்கிற சாமானைத் தர மறுப்பவர்களைப் பற்றிய கண்டிப்பு அது. 2022 இல் அந்த உம்மாவை அனுப்பிவிட்டு வந்து அஸர் தொழுதேன். என்ன ஸூரா ஓதினேன் என்று ஞாபகமில்லை. நல்ல வேளை.

'பழுதாகிவிட்டால்?' நியாயமான கேள்வி. ஃபிக்ஹில் இரவலுக்கென்று தனிப் பாடமே இருக்கிறது. நம் ஷாபிஈ மத்ஹபில் இரவல் வாங்கிய பொருளுக்கு வாங்கியவர் பொறுப்பு. ஆனால் அனுமதித்த முறையில் பாவித்து வந்த தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை. உடுத்து வேர்வை பட்டது, ஒரு மணி உதிர்ந்தது என்பதெல்லாம் உடுப்பின் விதி. காணாமல் போனால் அது வேறு கதை. காணாமல் போன இரவலும் நம் சரித்திரத்தில் இருக்கிறது. ஆயிஷா (ரழி) அவர்கள் தன் தாத்தா அஸ்மா (ரழி) அவர்களிடம் இரவல் வாங்கிய கழுத்து மாலை பிரயாணத்தில் தொலைந்தது. அதைத் தேடி நின்ற இடத்தில் தண்ணீர் இல்லாமல்தான் தயம்மும் உடைய வசனம் இறங்கியது. மாலை தொலைத்த தங்கச்சியைத் தாத்தா ஊரெல்லாம் தூற்றியதாக எங்கேயும் இல்லை.

அடுத்தது, சத்தமாகச் சொல்லாமல் காதோடு காதாகச் சொல்வது. 'அவளுடைய உடுப்பு வேண்டாம், அவளுக்குத் தலாக் ஆகிவிட்டதே.' எங்கள் பக்கத்தில் ஒரு சகோதரி இருக்கிறார். கலியாணம் இரண்டு வருடம் நிலைக்கவில்லை. உடுப்பு புத்தம் புதிது மாதிரி. யாராவது ஒரு பிள்ளை உடுத்துச் சந்தோஷப்படட்டும் என்று அவராகவே கொண்டு வந்தார். வாங்கியவர்கள் முகத்துக்கு முன்னால் ஜஸாகல்லாஹ் சொன்னார்கள். பெண்ணின் மாமி கேள்விப்பட்டு 'அந்த முஸீபத்து நமக்கு வேண்டாம்' என்று சொல்லி அன்று மாலையே திருப்பி அனுப்பினார். அந்தச் சகோதரி கதவைத் திறந்து பையை வாங்கியிருக்கிறார். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. விளங்காமலா இருக்கும்.

சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் என்பது மத்ரஸாவுக்குப் போன சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கறுப்புப் பூனை குறுக்கே போனால் நின்றுவிடுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற நாம், தலாக் ஆனவளின் சாரியைக் கண்டால் நிற்கிறோம். நபியவர்கள் முதலில் மணம் முடித்த கதீஜா (ரழி) அவர்கள் விதவை. ஸஹாபியப் பெண்களில் எத்தனையோ பேர் கணவன் மவுத்தாகியோ பிரிந்தோ மறுபடி மணம் முடித்தவர்கள். இன்று நம் ஊரில் அவர்கள் இருந்தால், அவர்களுடைய உடுப்பை நாம் வாங்கியிருக்க மாட்டோம். இதைவிட வெட்கக்கேடு உண்டா? அந்த மாமியும் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். வாசிக்கட்டும்.

இப்போது ஆண்களுக்கு. வீண் விரயத்தைப் பற்றி ஜும்ஆவில் குத்பா வரும்போதெல்லாம் கதை கடைசியில் பெண்களின் உடுப்பில் வந்து நிற்கிறது. ஹோலுக்கு அட்வான்ஸ் கட்டியது யார்? காருக்குப் பூ, வீடியோவுக்கு ட்ரோன், ஆயிரம் பேருக்குப் பிரியாணி, இதையெல்லாம் பேசி முடித்தது யார்? 1951 இல் வந்த சட்டப்படி எழுதும் காவினில் மஹரைப் பதிய இடமிருக்கிறது. மஹரைப் பேரளவுக்கு எழுதிவிட்டு மேடைக்குப் பல லட்சம் கொட்டுகிறவர்கள், பெண் பிள்ளை ஒரு நல்ல உடுப்புக்கு ஆசைப்பட்டால் மட்டும் இஸ்ராஃப் என்று ஓடி வருகிறார்கள். ஆசைப்படட்டும். மணப்பெண் அழகாக இருக்க ஆசைப்படுவது பாவமில்லை. ஒரு நாள் அழகுக்காக வாப்பாவைக் கடனாளியாக்குவதுதான் பாவம், அந்த உடுப்பை அடுத்த பிள்ளைக்குத் தராமல் பூட்டி வைப்பதும் அப்படித்தான். 'எளிமையாக அபாயாவோடு முடியுங்கள்' என்று ஏழைப் பிள்ளைக்கு மட்டும் உபதேசம் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மகளிலிருந்து தொடங்குங்கள்.

நடக்காத காரியமொன்றை நான் சொல்லவில்லை. கேரளாவில், மலப்புறம் பக்கம் தூத என்ற ஊரில் நாசர் என்று ஒருவர் இருக்கிறார். சவூதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். 2020 இல் இருந்து, ஒரு தடவை உடுத்துவிட்டு வைத்திருக்கும் கலியாண உடுப்புகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்து, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். பிள்ளைகள் வந்து தாங்களே பார்த்துப் பிடித்ததை எடுக்கிறார்கள், காசில்லை. நம்மைப் போல ஷாபிஈ முஸ்லிம்கள்தானே அவர்களும். வெள்ளைக்காரர்களும் செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் நேரம் பிரித்தானியாவில் துணிக்குக் கூப்பன், 1941 இல் தொடங்கி 1949 வரை. அந்த நேரம் பார்பரா கார்ட்லண்ட் என்ற நாவலாசிரியை பழைய கலியாண கவுன்களைத் தேடி வாங்கிச் சேர்த்தார். படையில் இருந்த பெண்கள் அதை இரவல் எடுத்து உடுத்துக் கலியாணம் முடித்தார்கள். போர் வந்தால்தான் அவர்களுக்குப் புத்தி வந்தது. நமக்கு டித்வா வந்திருக்கிறது.

கொஞ்சம் வேலைக் கதை. என் சாரிக்கு நடந்தது உங்களுடையதற்கு நடக்கக் கூடாது என்பதற்காக.

நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். மே மாத மழை ஒரு தடவை, ஒக்டோபர் நவம்பர் மழை மறு தடவை, இடையில் பனி. கடையில் உடுப்போடு தரும் பிளாஸ்டிக் உறை வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு மட்டும்தான். அதற்குள்ளே வைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லை, பூஞ்சணம் பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டியில் அல்லது நன்றாகக் கழுவிய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது, அத்தரும் நேரே அடிக்காதீர்கள், சரிகை கறுப்பதற்கு இதெல்லாம் காரணம். ஊசி, பின் ஒன்று விடாமல் கழற்றுங்கள். கலியாணம் முடிந்த கிழமையே லொன்ட்ரிக்குக் கொடுங்கள். சர்பத், ஃபலூடா சிந்திய இடம் காய்ந்தால் ஒன்றும் தெரியாது, வருடம் போகப் போகத்தான் சீனி பழுத்து நிறம் எடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெயில் படாத காற்றில் விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். மடிப்பிலேதான் சரிகை முதலில் உடையும். இவ்வளவு பார்ப்பதை விடவும் சுகமான வழி, உடுப்பைச் சும்மா வைக்காமல் வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கொடுப்பது. உடுத்துக் கழுவிக் காற்றுப் பட்ட துணியில் பூஞ்சணம் ஏறாது.

இனித் தைக்கப் போகிறவர்கள் டெய்லரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: உள்ளே இரண்டு அங்குலம் தையல் விடட்டும். சாரி யாருக்கும் அளவாகும், சட்டைதான் பிரச்சினை. உள்ளே துணி இருந்தால் மெலிந்தவளுக்குப் பிடித்தும் பருத்தவளுக்கு விட்டும் தைக்கலாம். லெஹெங்காவுக்கு ஹூக்குக்குப் பதில் நாடா.

கடைசியாக, நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெட்டகம் தொடங்கியிருக்கிறோம். அமைப்பு இல்லை, பெயர் இல்லை, பேனர் இல்லை, தலைவர் செயலாளர் இல்லை. என் வீட்டு மேல் மாடி அறையில் இருக்கிறது. இன்றைக்கு ஏழு உடுப்புகள்: மூன்று சாரி, இரண்டு லெஹெங்கா, ஒரு கவுன், ஒரு வேலைப்பாடு செய்த வெள்ளை அபாயா. மேலே சொன்ன சகோதரியின் உடுப்பும் அதில் இருக்கிறது. எது அவருடையது என்று யாருக்கும் சொல்ல மாட்டோம், எதுவும் யாருடையது என்று சொல்ல மாட்டோம். வாங்குகிறவரின் போட்டோ எடுக்க மாட்டோம், முகநூலில் போட மாட்டோம், 'வறிய குடும்பம்' என்று பட்டியல் எழுத மாட்டோம். பள்ளிவாசல் கடிதம் கேட்க மாட்டோம். கலியாணம் என்று சொன்னால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை, இதற்காகத்தான் சண்டை பிடித்தேன். முதலில் எடுத்து உடுக்கிறவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். ஏழைப் பிள்ளை முதலில் எடுத்தால் அது ஏழைப் பெட்டகம் என்று பெயர் வாங்கிவிடும், பிறகு ஒருத்தியும் வர மாட்டாள். என் நாநாவின் மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம், இன்ஷா அல்லாஹ். நாநாவுக்குக் கடை இருக்கிறது, பத்து உடுப்பு வாங்கிக் கொடுக்கலாம். மூன்று நாள் வீட்டில் பிரச்சினை. மதினி என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பிள்ளை போன சனிக்கிழமை வந்து இளநீல லெஹெங்காவை எடுத்துப் போயிருக்கிறாள். அதை யாரிடமிருந்து எடுத்தாள் என்று மணவறையில் கேட்பவர்களுக்குத் தானே பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

என் கறுத்த சாரியை டெய்லரிடம் காட்டினேன். உடலில் ஒன்றரை யார் அளவு பழுதில்லாமல் இருக்கிறதாம். ஒரு முட்டாக்கு வெட்டலாம் என்றார். வெட்டித் தைத்து, அந்த த்ரீவீல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இப்போது இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு எடுத்துப் போகலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த எண்ணத்தை விட்டேன். பழுதானதைக் கொண்டு போய் அவர்கள் வாசலில் நிற்க மாட்டேன். வெறுங்கையோடு போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன், போன வியாழக்கிழமை. அந்த உம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "எனக்கு அப்பவே தெரியும் டீச்சர், ஒங்களுக்குத் தங்கச்சி ஒருத்தரும் இல்லியே" என்றார்.

உடுப்பு தர விரும்புகிறவர்களும் பார்க்க வர விரும்புகிறவர்களும் இன்பொக்ஸில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். ஊசி, பின் கழற்றிக் கொண்டு வாருங்கள்.